மதியச் சோற்றுக்கு முன் சொன்ன நன்றிகள்

தேரி மணலென்றும் வயல் வண்டலென்றும் பாராமல், வந்த மண்ணையெல்லாம் நிழலில் உலர்த்தி, நிதானமாய் இடித்து, நுணுக்கமாய்ச் சலித்து, முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் சலிப்படையாத எங்கள் ஜெபசீலன் அண்ணாச்சி அவர்களே! களரென்றும் உவரென்றும் கைவிட்டவர் கையிலேயே அந்த நிலத்தைக் கனிவோடு திருப்பிக் கொடுத்த கண்ணியரே! இந்த மண் ஆய்வுக்கூடத்தின் மூத்தவரே, சோற்று மேசையில் எங்கள் அனைவருக்கும் முன்னே தலை குனிந்தவரே, உங்களுக்கு எங்கள் வணக்கம்; உங்கள் வழக்கப்படியே சொல்வதானால், ஸ்தோத்திரம்.

இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலின் முதல் படியை எழுதியவர் நம் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்பலவாணன். நெற்றி நிறையத் திருநீறும் நெஞ்சு நிறையத் தமிழும் உள்ளவர் என்பதால் அந்தப் பொறுப்பு அவரிடம் போயிற்று. 'குணக்குன்றே' என்று தொடங்கியிருந்தார். தட்டச்சு செய்ய உட்கார்ந்த சுபைதா பேகம், "குன்று எங்கன இருக்கு? அண்ணாச்சி அஞ்சடிதான இருக்காக" என்று கேட்டதில் அது அடிபட்டுப் போயிற்று. 'தாங்கள்' என்று எழுதியதும் அடிபட்டது. தாங்கள் என்றால் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்றார் நம் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு அலுவலர் சித்ரலேகா அம்மையார். ஆகவே புகழ்மொழிகள் பல போய், நாங்கள் கண்ணால் கண்டவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

கண்டவற்றில் முதலாவது, முன்வாசலில் நீங்கள் விவசாயிகளோடு பேசும் அழகு. சாத்தான்குளத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்தும் துணிப்பையில் மண்ணை முடிந்துகொண்டு வருகிறவர்கள், முடிவைக் கேட்கும்போது மருத்துவமனையில் நிற்பதுபோல நிற்பார்கள். உப்பு மிகுதி என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது. நீங்களோ அந்த அட்டையோடு வாசல்வரை நடந்து போய், "நெலம் செத்துப் போகல அண்ணாச்சி. உப்பு ஏறியிருக்கு, அவ்வளவுதான். நல்ல தண்ணி கட்டி வடிச்சா பைய எறங்கும்" என்று சொல்லி அனுப்புவீர்கள். அழுதுகொண்டே வந்த எத்தனையோ பேர் எங்களை வைதுகொண்டாவது திரும்பிப் போனார்கள். அதுவும் முன்னேற்றம்தான் என்பது உங்கள் கட்சி.

ஆயினும் எங்கள் ஆவலையெல்லாம் ஆண்டுக்கணக்காக அடைத்து வைத்திருந்தது அந்த வாசல் அல்ல, உள்ளறைச் சோற்று மேசை. சேர்ந்த புதிதில் நீங்கள் தனியாகக் கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடுவீர்களாம். அம்பலவாணனுக்கு ஒரு குணம் உண்டு. காதில் விழாததைக் கேட்காமல் விடமாட்டார். "என்ன வே முணுமுணுக்கீரு? எங்களத்தான் போட்டுக் குடுக்கீரோ?" என்று அவர் ஒருநாள் கேட்க, மறுநாளிலிருந்து நீங்கள் உரக்கச் சொல்லத் தொடங்கினீர்கள். எல்லாரும் கேட்கும்படி, ஒரே ஒரு நன்றி. அதுவும் அன்று காலையிலிருந்து நடந்த ஏதாவது ஒன்றுக்கு.

மின்சாரம் நின்ற நாளில், விசிறி ஓய்ந்ததால் வேப்பமரத்துக் குயிலின் குரல் கேட்டதற்கு நன்றி சொன்னீர்கள். கோபித்துக்கொண்டு போன குடியானவர் மறந்துபோன குடைக்காகத் திரும்பி வந்து, வந்ததற்கு ஒரு தேநீரும் குடித்துவிட்டுப் போனதற்கு நன்றி சொன்னீர்கள். முருகன்குறிச்சியில் தினமும் உங்களைத் துரத்தும் நாய் அன்று வேறொருவரைத் துரத்தியதற்குக்கூட நன்றி சொன்னீர்கள். அந்த வேறொருவர் நம் ஓட்டுநர் ஷிபின் என்பதை அவரே பிறகு வந்து சொன்னார். சொல்லி முடிந்ததும் நீங்கள் 'ஆமென்' என்பீர்கள், சுபைதா பேகம் 'ஆமீன்' என்பார், அம்பலவாணன் 'சிவசிவ' என்பார். அதன்பிறகுதான் டப்பாக்கள் திறக்கும். ரமலான் நோன்பு மாதத்திலும் சுபைதா வந்து அந்த நன்றிக்கு உட்கார்ந்து, ஆமீன் சொல்லிவிட்டு எழுந்து போவார். சோறு இல்லாவிட்டாலும் சேர்மானம் வேண்டும் என்பது அவருடைய விளக்கம்.

இன்றைக்கு அண்ணாச்சி எதைச் சொல்லப் போகிறார் என்று காலை பத்து மணிக்கே நாங்கள் ஊகிக்கத் தொடங்கிவிடுவோம். ஒருநாளும் பலித்ததில்லை. சொன்னதை ஏன் திரும்பச் சொல்வதில்லை என்று சித்ரலேகா அம்மையார் ஒருமுறை கேட்டார். "நேத்து கெடச்சதுக்கு நேத்தே சொல்லியாச்சு மேடம். இன்னைக்குள்ளத இன்னைக்குத்தான தேடணும்" என்றீர்கள். நாங்களும் தேடிப் பார்த்தோம், அண்ணாச்சி. சும்மா சொல்லக்கூடாது, பெரிய பாடுதான். காலை முதல் மதியம் வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் இல்லத்தரசி சாரம்மாள் அம்மையார் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் டப்பாவில் வந்த நெத்திலிக் குழம்பின் வாசத்தால் எங்கள் அனைவருக்கும் அவர்களைத் தெரியும். அம்பலவாணனுக்கு அந்த வாசம் ஆகாது. ஆனாலும் அவருக்கென்று தனியாக மாவடு கொடுத்துவிடும் கை அது. அடக்கத்துக்கு நாங்கள் எல்லாரும் வந்திருந்தோம். விடுப்பு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பிய அன்று, மதிய மணி நெருங்க நெருங்க எங்களுக்குக் கை ஓடவில்லை. அன்றைக்கு மட்டும் யாரும் எதையும் ஊகிக்கவில்லை.

மேசையில் வந்து உட்கார்ந்தீர்கள். கையில் டப்பா இல்லை. தலை குனிந்தீர்கள். நாங்களும் குனிந்தோம். ஒரு சொல்லும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று எங்களுக்குத் தெரியாது; சோறு ஆறிப்போனது தெரியும். ஆமென் இல்லாமல் டப்பாவைத் திறக்க எங்களில் ஒருவருக்கும் பழக்கமில்லை. கடைசியில் அம்பலவாணன் தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, இவரு இன்னைக்கு வேலைக்கு வந்துட்டாரு. அதுக்கு உமக்கு..." என்று தொடங்கியவருக்கு எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. வந்தார், பேருந்தில் வந்தார், வெயிலில் வந்தார் என்று போய்க்கொண்டே இருந்தது. சுபைதாதான் இடையில் புகுந்து ஆமீன் போட்டு நிறுத்தினார். உங்கள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அன்று முதல் உங்களுக்குப் பதிலாக நாங்கள் மாற்றி மாற்றி நன்றி சொன்னோம். சைவரும் இஸ்லாமியரும், சாமியே இல்லை என்று சொல்லித் திரிந்த ஷிபினும் சொன்னார்கள். தப்பும் தவறுமாகச் சொன்னோம். ஒரே நன்றியை மூன்று நாள் சொல்லி மாட்டிக்கொண்டோம். உங்களுக்குச் சோறும் நாங்களே கொண்டுவந்தோம்; ஆளுக்கொரு நாள். எது கொடுத்தாலும் உண்டு, "நல்லாருக்கு" என்பீர்கள். நாங்களும் மகிழ்ந்துபோய், நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. நோன்பில் ருசி பார்க்காமல் சமைத்ததில், சுபைதா கொண்டுவந்த குழம்பில் உப்பே போடவில்லை. அவருக்கு அது வீட்டுக்குப் போய், பொழுது இறங்கி நோன்பு திறந்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் ஓடிவந்து, "அண்ணாச்சி, எப்படிச் சாப்பிட்டீக?" என்று கேட்டார். "ஏம்மா, நல்லாத்தான இருந்துச்சு" என்றீர்கள். அவர் அதை வந்து எங்களிடம் சொன்னார். இத்தனை மாதமும் நீங்கள் எங்களுக்காகத்தான் உண்டீர்கள் என்பதும், எதுவும் உங்கள் நாக்குக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இனி அண்ணாச்சிக்கு நன்றி என்பதே வராமல் போய்விடுமோ என்று நாங்கள் உண்மையிலேயே பயந்தோம்.

அப்போது சித்ரலேகா அம்மையார் ஓர் ஆணை போட்டார். இனி யாரும் அண்ணாச்சிக்குச் சோறு கொண்டுவரக் கூடாது. நாங்கள் அவர்மேல் பாய்ந்தோம். கல்நெஞ்சம் என்று அவர் காதுபடவே பேசினோம். அவர் கோபப்படவில்லை. "நாம கொடுக்கோம், அவரு திங்காரு. அவரு வீட்டு அடுப்பு அணைஞ்சே கெடக்கு. அதப் பத்த வைக்க நம்மளால முடியாது" என்றார். உங்களிடமும் நேரில் சொல்லிவிட்டார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

அடுத்த சில நாட்கள் கடைத் தயிர்ச்சோறு வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை, சாரம்மாள் அம்மையாரின் அந்தப் பழைய டப்பாவோடு வந்தீர்கள். உள்ளே நீங்களே வைத்த புளிக்குழம்பு. அன்று நன்றி சொல்லும் முறை அம்பலவாணனுடையது. அவர் வாய் திறக்குமுன், வழக்கத்தை மீறி, நீங்கள் ஒரு வாய் அள்ளிப் போட்டீர்கள். முகம் கோணிற்று. தண்ணீர் குடித்தீர்கள். பிறகு எங்களைப் பார்த்து, "உப்பு கரிக்கு வே" என்றீர்கள். தலை குனிந்து, "கரிக்குன்னு எனக்குத் தெரியுது ஆண்டவரே. உமக்கு ஸ்தோத்திரம்" என்றீர்கள்.

ஆமென் என்றோம், ஆமீன் என்றோம், சிவசிவ என்றோம். யார் எதைச் சொன்னோம் என்பது எங்களுக்கே தெரியாது. வட்டாரத்து மண்ணின் உப்பையெல்லாம் அளந்து சொன்னவர் குழம்புக்கு அளவு தெரியாமல் போட்ட உப்பை, நாங்கள் அனைவரும் ஆளுக்கொரு கரண்டி வாங்கி உண்டோம். பானைத் தண்ணீர் தீர்ந்து ஷிபின் இன்னொரு குடம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து உங்கள் முறை உங்களிடமே திரும்பிற்று.

துன்பம் வந்தால் நன்றி மறந்துவிடக் கூடாது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறோம். நீங்கள் அப்படிப் பேசியதில்லை. நன்றி வராதபோது சொல்லாமலே இருந்தீர்கள். வந்ததுபோல் ஒருநாளும் நடிக்கவில்லை. ஜெபம் என்பது என்ன, அது எங்கே போகிறது, எப்படி வருகிறது என்பதெல்லாம் எங்களுக்கு இன்றும் விளங்காத விந்தைதான். ஆனால் ஒருவருக்கு வாயில் சொல் வராத நாளில் பக்கத்தில் இருப்பவர் அவருக்காகச் சொல்லலாம் என்பது மட்டும் அந்த மேசையில் எங்களுக்கு விளங்கிற்று. உங்களிடமிருந்து நாங்கள் பெற்றதில் பெரியது அதுவே.

ஓய்வு பெற்று உவகையோடு உறைய இருக்கும் உத்தமரே! உடல் நலமும் உள்ள நலமும் ஓங்கி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, பல்லாண்டு நீங்கள் நன்கு வாழ வேண்டும். உங்கள் அடுப்பு தினமும் எரிய வேண்டும். கைப்பக்குவம் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் வரும் நாளெல்லாம் மதியம் ஒரு மணிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.

முடிக்குமுன் ஒரு முறையீடு. இன்றைய விருந்துக்கு முன் நன்றியை நாங்களே சொல்லி உங்களை மகிழ்விப்பதாகத்தான் திட்டம். நேற்று மாலை கூடிப் பேசினோம். அம்பலவாணன் தொடங்கிவிட்டு எழுந்து போய்விட்டார். சுபைதா தொடங்கவே இல்லை. சித்ரலேகா அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் போகிற நாளில் எதற்கென்று நன்றி சொல்வது? எங்களுக்கு வரவில்லை, அண்ணாச்சி. வந்ததுபோல் நடிக்கவும் தெரியவில்லை. உங்களுக்கு வராதபோது நாங்கள் சொன்னோம். இன்று எங்களுக்காக நீங்கள் சொல்லுங்கள். இலை போட்டாகிவிட்டது, நாங்கள் தலை குனிந்திருக்கிறோம்.

இங்ஙனம்,
உங்கள் ஆமெனுக்காகக் காத்திருக்கும்
மண் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்