அறுபத்திரெண்டு வீட்டுக்கும் ஒரே பதில்

— உக்காரு கண்ணு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீ நடந்தா டவர் என்ன எறங்கியா வந்துரும்? பாறை வேற வழுக்குது.

— ஒரு புள்ளிதான்க்கா வருது. இங்க நின்னா வருது, ஓரடி நகந்தா போயிருது. மணி என்ன?

— ரெண்டே கால் இருக்கும். கொட்டச்சேட்டு பஸ்சு இப்பத்தான் ஆரன் அடிச்சுட்டுப் போச்சு.

— மூணரைக்குள்ள நான் பதில் அனுப்பியாகணும். பாரிஸ்ல மத்தியானம் பன்னண்டு அடிச்சா அதோட முடிஞ்சுது.

— என்ன முடிஞ்சுது? அக்காளுக்கு வெளங்கற மாதிரி சொல்லு. காப்பிக்குக் களை எடுத்துட்டிருந்தவள களக்கொத்தோட இழுத்துட்டு வந்துட்ட.

— என் படிப்புதான்க்கா முடிஞ்சுது. மொத வருசம் பாரிசு, ரெண்டாம் வருசம் டோக்கியோ. படிச்சு முடிச்சா ரெண்டு யுனிவர்சிட்டியும் ஆளுக்கொரு பட்டம் குடுக்கும்.

— தெரியுமே. ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ. நீ டெவலப்மெண்ட் பாலிசி படிக்கறேன்னதும் உங்க மாமன் இன்சூரன்சுன்னு நெனச்சுக்கிட்டாரு. 'கொழுந்தியா வந்து எல்லாத்துக்கும் பாலிசி போட்டுத் தருவா'ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறாரு.

— வெளையாடாதக்கா. ஒண்ணு தட்டுனா ரெண்டும் போயிரும். டோக்கியோ சீட்டு அடுத்தவங்களுக்கு. ஸ்காலர்ஷிப்பும் நின்னுரும்.

— ஏன் போகுது? மே மாசம் பூராம் நீ ஊடு ஊடா ஏறி எறங்குனயே. கால்ல கொப்புளம் போட்டு, நாந்தான மஞ்சள் அரைச்சுப் பூசுனேன்.

— அந்த சர்வேலதான் பிரச்சனை. புரொபசரம்மா எழுதிருக்கறாங்க, தமிழ்ல சொல்றேன், கேளு. "வனத்துறை எல்லைக் கல்லுக்கு மேலே பயிர் செய்கிறீர்களா என்ற கேள்விக்கு அறுபத்திரண்டு வீட்டிலும் 'இல்லை' என்றே பதில். ஒரு வீடுகூட மாறவில்லை. நீங்கள் உண்மையிலேயே அந்த வீடுகளுக்குப் போனீர்களா, அல்லது ஓரிடத்தில் உட்கார்ந்து நிரப்பினீர்களா?"

— அட, கேக்கறா பாரு கேள்வி! நேர்ல வந்தா நான் பதில் சொல்றேன் அந்தம்மாளுக்கு.

— இன்னும் இருக்குது. போன அக்டோபர்ல சேட்டிலைட் எடுத்த படத்தையும் அனுப்பிருக்கறாங்க. இங்க பாரு. இது நம்ம கோயிலு. இது எல்லைக் கல்லு வரிசை. கல்லுக்கு மேல இதென்ன, பச்சைப் பச்சையா?

— காடுன்னா பச்சையாத்தான் இருக்கும்.

— காடு சதுரம் சதுரமாவா இருக்கும்?

— தள்ளு, கண்ணாடி இல்லாம தெரியல. அட... இந்த மூலையில இருக்கறது என்ற கொல்லை! வரப்புகூடத் தெரியுது பாரேன். மேல இருந்து பாத்தா அழகாத்தான் இருக்குது.

— அக்கா!

— என்ன?

— உன்ற ஃபாரத்துல நான்தான் எழுதுனேன். 'கல்லுக்கு மேல எங்களுக்கு ஒரு சாண் நெலம் இல்ல'ன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்ன. நான் அப்படியே நம்புனேன். சின்னதுல இருந்து வெளியூர்லயே படிச்சவளுக்கு என்ன தெரியும்? மே மாசத்துல ஏறிப் பாத்திருந்தாக்கூட வெறும் மண்ணுதான் கெடந்திருக்கும்.

— செரி, மூச்ச வாங்கு. நீ வர்றதுக்கு மொத நாளு ஊர்க்கவுண்டரு கூட்டம் போட்டாரு. அறுபத்திரெண்டு ஊட்டுக்கும் ஒரே வாய்னு முடிவாச்சு. ஊர்ச்சொல்லு உழுந்தா உழுந்ததுதான், அத மீறி ஒருத்தரும் பேச மாட்டாங்க. ஊடு ஊடாப் போயி ஞாபகப்படுத்துனவ நாந்தான். மகளிர் குழுத் தலைவியில்ல?

— நீயா? எனக்குப் பொய் சொல்லச் சொல்லி, நீயா போன?

— கத்தாத, கீழ கேக்கும். உனக்குன்னு இல்ல கண்ணு. பேப்பரும் பேனாவுமா எவரு மலையேறுனாலும் இதே பதிலுதான்.

— அந்த ஒரே பதிலாலதான் என்னயத் திருடிங்கறாங்க! அங்க கிளாஸ்ல முப்பது பேரு இந்த மாதிரி ஊருகளப் பத்திப் பேசறாங்க. அப்படி ஒரு ஊர்ல இருந்தே வந்தவ நான் ஒருத்திதான். அதனாலதான் 'உன் ஊருலயே சர்வே எடு, உன்கிட்ட மறைக்க மாட்டாங்க'ன்னாங்க. நீங்க என்னடான்னா... நாலு பேராச்சும் மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

— அது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. எல்லாரும் ஒத்தாப்புல சொன்னா புள்ளைக்கு மார்க்கு சேத்திக் கெடைக்கும்னு மாதம்மாக்காகூடச் சொல்லுச்சு.

— மார்க்கா! சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலக்கா எனக்கு.

— மறுபடியும் எந்திரிச்சுட்டயா? உக்காருன்னேன். மஞ்சு ஏறுது, கால் வெச்ச எடம் தெரியாது.

— எதுக்கு இந்த ஒரே வாய்? அத மட்டும் சொல்லு.

— மணியப் பாத்துக்க.

— ரெண்டு அம்பது. சொல்லு.

— பதினேழு வருசம் இருக்கும். ஒருத்தரு உன்னயாட்டமே ஃபாரத்தைத் தூக்கிட்டு வந்தாரு. நொம்ப நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. மலைச்சனம் எப்பிடிப் பொழைக்குதுன்னு எழுதறேன்னாரு. ஒரு வாரம் இருந்து, களி திங்கப் பழகிட்டுப் போனாரு. ரெண்டு மாசங் கழிச்சு ஜீப்புல ஃபாரஸ்ட் ஆளுக வந்தாங்க. கல்லுக்கு மேல இருந்த பதிமூணு கொல்லையும், எது எவரோடதுன்னு பேரோட சீட்டுல வெச்சிருந்தாங்க. சாமை கருது வாங்கி நின்னுச்சு. அதுக்கு நடுவுல மரம் நட குழி வெட்டிப் போட்டாங்க.

— நம்மளோடதும்?

— மொதக் குழியே நம்மதுலதான்.

— அப்ப அப்பா கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போனது...

— பின்ன, ஆசைப்பட்டா போனாரு? பதினோரு வருசம் ஏணி மேலயே நின்னு, இடுப்பு போயித்தான் திரும்புனாரு. மாதம்மாக்கா ஊட்ல மூணு பேரும் எஸ்டேட் கூலிக்குப் போனாங்க. அப்பறம் ஆறேழு வருசங் கழிச்சு, ஒருத்தரு, ரெண்டு பேருன்னு மறுபடியும் மேல போயிக் கொத்தி வெதைச்சோம். பசிக்கு எல்லைக் கல்லு தெரியுமா?

— அக்கா, இதுதான்! இதுதான்க்கா பதிலு!

— என்னது?

— அந்தம்மா கேட்டதுக்கு. 'நான் போனேன், கேட்டேன். அவங்க பயத்துல ஒரே பதில் சொன்னாங்க. முன்னால ஒருக்கா கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சோத்தை எழந்தாங்க.' என் ஆராய்ச்சியே இதுதான், நான் வேற எதையோ எழுதிட்டேன். சார்ஜ் எவ்வளவு இருக்குது... இருவது. போதும்.

— எழுதுனா மறுபடியும் ஜீப்பு வரும்.

— ஆராய்ச்சியில ஊர் பேரு வராது. அந்தப் படத்தையும் அழிக்கச் சொல்றேன். அழிச்சேன்னு எழுதிக் குடுத்தாத்தான் மத்த வெவரம் சொல்லுவேன்னு மொத வரியிலயே போடறேன்.

— மாட்டேன்னுட்டா?

— டோக்கியோ வேண்டாம். உன்னோட களை எடுக்கறேன்.

— நீயா? களைய உட்டுப்போட்டு காப்பிச் செடியப் புடுங்குவ. வேண்டாம் சாமி. ஊர்ச்சொல்ல மீறி நான் வாயத் தொறந்துட்டேன். கூட்டத்துல நிக்க வெச்சுக் கேப்பாங்க. கேக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீ எழுது.

— அக்கா...

— எழுதுன்னேன். நேரம் ஓடுது.

— "பதினேழு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரைச் சேர்ந்த ஒருவர், தன் சொந்த மக்களைக் காட்டிக் கொடுத்தார்..."

— காட்டிக் குடுத்ததுன்னு எழுதாத.

— வேற எப்பிடி எழுதறது? அந்த மனுசன் வெளியாளு, அவருக்கு எது எவரோட கொல்லைன்னு எப்பிடித் தெரியும்? உள்ளூர் ஆளு ஒருத்தன் பேர் பேராச் சொல்லிருக்கறான்.

— 'சொல்லிட்டாங்க'ன்னு போடு. தெரியாமச் சொல்லிட்டாங்கன்னு.

— பதிமூணு குடும்பத்தோட வயித்துல அடிச்சிருக்கறான், அவனுக்கு மரியாதை வேறயா? துரோகின்னுதான் போட்டிருக்கறேன்.

— அந்த வார்த்தைய எடுத்துரு கண்ணு.

— மூணு இருவத்தாறு ஆச்சுக்கா. புள்ளி போறதுக்குள்ள அனுப்பியாகணும். இரு, ஆடாத... சுத்துது... சுத்துது... போயிருச்சு! அக்கா, மெயிலு போயிருச்சு!

— திருப்பிக் கூப்புட முடியாதா?

— போனது போனதுதான். ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற? சிரியேன்.

— எந்திரி, போலாம். மழை வருது.

— யாருக்கா அது? குடிகாரனா? ஒரு பாட்டிலுக்குச் சொன்னானா?

— அந்தப் பேர நாக்குல எடுக்கறதில்லன்னு ஊரே கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்குது. கேக்காத.

— அவ்வளவு பெரிய ஆளா? நம்மப்பன மலையாளத்துக்குத் தொரத்துனவன் இன்னும் நம்ம தெருவுலதான் நடக்கறானா? எனக்குத் தெரியணும். அவன ஊர உட்டுத் தள்ளி வெக்கலயா நீங்கெல்லாம்?

— தள்ளி வெக்கத்தான் கூட்டம் கூடுச்சு. எட்டு வயசுப் புள்ள. அந்த சாரு கையப் புடிச்சு முன்னால கூட்டிட்டுப் போயி, 'இது மாதம்மாக்காளது, இது எங்கப்பாது'ன்னு பெருமையா ஒவ்வொண்ணாக் காட்டுச்சு. அந்தப் புள்ளைய எங்கன்னு தள்ளி வெக்கறது, வெண்ணிலா? ஊரே காசு போட்டு, உன்னயக் கொண்டுபோயி ஹாஸ்டல்ல சேத்துட்டு வந்தோம்.