காத்தான்குடிக்கு மூணாந்தரம் வந்த கம்ப்யூட்டர்

…அநியாயம் எண்டா எங்கட சஹ்லாவுக்கு நடந்ததுதான் அநியாயம், ராத்தா. செஞ்சது இந்தக் கடைக்கார றிஸ்லான் நானா. ரெண்டு தரம் "சரி, திருத்தியாச்சு" எண்டு சொல்லி அனுப்பினாரு. ரெண்டு தரமும் செங்கலடிக்குத் தூக்கிப் போய்க் கொழுவினா, படம் ஓட வேண்டிய இடத்தில அதே சாம்பல் பெட்டி. இப்ப ஆள் லுஹர் தொழப் போயிற்றாரு. வரட்டும். நீங்களும் இரிங்க, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். அது உங்கட ரேடியோவா? மடியில வச்சிருக்காம மேசையில வைங்க. ஆள் ஆறுதலா மெல்லத்தான் பாப்பாரு.

நான் அஜந்தா. வந்தாறுமூலை கெம்பஸ், கடைசி வருசம். சஹ்லா என்ட கூட்டாளி. செங்கலடியில கேதீஸ்வரி அக்காட வீட்டில ஒரே அறையில இரிக்கிறம். மலேசியாவுக்குப் படிக்கப் போக ஸ்கொலர்சிப் போட்டிரிக்காள். அதுக்கு இண்டைக்கு நாலு மணிக்கு இன்டர்நெட்டில சோதினை. ஆரோ இங்கிலீசில கதைப்பாங்க, இவள் கேட்டுக் கேட்டு விடை அடிக்கணும். ஒரு தரந்தான் விடுவாங்க. தவறினா அடுத்த வருசம்.

நெட் கபேக்குப் போகலாமே எண்டு பாக்கிறீங்க. போனம். பக்கத்துப் பெட்டியில பொடியனுகள் துவக்கால சுட்டு விளையாடுறானுகள். நாட்டில சண்டை முடிஞ்சு ரெண்டு மாசம், அவனுகளுக்கு இன்னும் முடியல்ல. கெம்பஸ் லாபில ஹெட்போனே இல்ல. மிச்சம் இந்தக் கம்ப்யூட்டர்தான்.

இது சுனாமிக்குப் பொறகு பெரியகல்லாத்தில எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒபிஸ் போட்டிருந்த வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போனது. அவங்க தந்த வள்ளத்தில பாதி எங்கட வாவிக்கு ஒத்துவரல்ல. இது ஒத்துவந்திச்சு. உள்ளுக்கு லினக்ஸ். கள்ள சிடி இல்ல, வைரஸ் இல்ல. றிஸ்லான் நானா என்ன சொன்னாரு தெரியுமா? "தங்கச்சி, இதத் தூக்கிப்போட்டு எல்லாரும் பாவிக்கிறதப் போட்டுத் தாறன், ஒரு மணித்தியால வேலை." நான் அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னன். ஆள் தேத்தண்ணி எடுப்பிச்சுத் தந்தாரு. குடிச்சிட்டு மறுகாவும் சொன்னன்.

பழுது பெரிசா ஒண்டும் இல்ல. இன்டர்நெட்டப் பாக்கிற பிரவுசருக்கு ஒலி ஒளி ஓட்டத் தெரியாது. அதுக்குப் பிளகின் எண்டு ஒரு சின்னத் துண்டு ஒட்டணும். அதுதான் பழுது. இந்தச் சின்னத் துண்டுக்கு நான் சிபியுவ மடியில வச்சு பஸ்ஸில ரெண்டு தரம் வந்து போனன். வழியில ஆமிச் சென்றியில இறக்கிச் சோதிச்சாங்க. இதுக்குள்ள என்ன எண்டு ஆமிக்காரன் கேட்டான். பழுதாப்போன பிளகின் எண்டன். எங்க, எடுத்துக் காட்டு எண்டான். அதுதானே ஐயா எங்களுக்கும் பிரச்சினை எண்டன். பஸ்ஸே சிரிச்சிது. அவனுக்கு மட்டும் சிரிப்பு வரல்ல.

இஞ்ச பாருங்க, காட்டுறன். ஒருக்கா அங்கால திரும்புங்க ராத்தா, பாஸ்வேர்ட் அடிக்கணும். கோவிக்காதீங்க, என்ட அம்மாவுக்கே சொல்லல்ல. நானாவும் கேட்டாருதான், "பாஸ்வேர்டத் தாங்க" எண்டு. குடுப்பனா? பேர் கேட்டாலே யோசிச்சுச் சொல்லிப் பழகின ஆக்கள் நாங்க. புதுசு போட அது கேக்கிற நேரம் மட்டும் நானே வந்து கையால மறைச்சுக்கொண்டு அடிச்சன். அவரு தனக்கு "கடை" எண்டு வேற ஒரு பேரில எக்கவுண்ட் திறந்து, பிளகினப் புதுசாப் போட்டு, அந்தப் பேருக்குள்ளயே ஓட்டிக் காட்டினாரு. முதல்லயே ஓட்டிப் பாக்கச் சொல்லி சோதினைக்காரங்க ஒரு சின்ன வீடியோ அனுப்பியிரிக்காங்க. அதில ஒரு பொம்பிள "குட் மோர்னிங்" சொல்லணும். "கடை"யில சொல்லுறாள். எங்கட இன்டர்நெட் என்ட பேரில மட்டுந்தான் வேலை செய்யும். அதில போனா… பாத்தீங்களா? சாம்பல். ஊமை.

சரி, இப்ப பிடிக்கிறன் ஆள. மேல இப்பிடி அடிச்சா என்ன பிளகின் இரிக்கு எண்டு பட்டியல் வரும். "கடை"யில பாத்தன், சோதினைக்கு வேண்டிய பத்தாம் பதிப்பு. என்டதில… ஒம்பது. பாருங்க ராத்தா, தனக்குப் புதுசு, எனக்குப் பழசு. இதத்தான் நான் அநியாயம் எண்டன். பொறுங்க, எங்க ஒளிச்சு வச்சிரிக்காரு எண்டும் பாப்பம். இந்தா, என்ட போல்டருக்குள்ளதான். பேருக்கு முன்னால ஒரு புள்ளி. லினக்ஸில புள்ளி வச்சுப் பேர் போட்டா சாதாரணமாக் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு கெட்டித்தனம். எண்டைக்குப் போட்டது எண்டும் இரிக்கும். ரெண்டாயிரத்தி ஏழு… ஆவணி…

ம்.

அப்ப நான் இந்தக் கடையே கண்டதில்ல.

இல்ல ராத்தா, ஒண்டுமில்ல. அது… நான்தான். கெம்பஸ் லாபில இரிந்து பென்டிரைவில எடுத்து வந்து என்ட கையாலயே போட்டன். கடைக்காரன் தேவையில்ல, இப்பிடித்தான் போடணும் எண்டு ஜூனியர் புள்ளையளுக்கு வகுப்பும் எடுத்தன். அவரு போடுற புதுசு எல்லாருக்கும் பொதுவான இடத்தில போய்க் கிடக்கு. பிரவுசர் என்ட பேருக்குள்ள வந்தா முதல் என்ட போல்டரத்தான் பாக்கும். நான் வச்சது அங்க இரிக்கு, அதோட நிண்டிரும். மனுசர் ரெண்டு வருசம் முந்திச் சொன்னத மறந்தாலும் இது மறக்காது. அதுக்கு நான் என்ன செய்யிற?

சரி, சரி, நான்தான் செஞ்சது. சிரிக்காதீங்க.

அழிச்சாச்சு. பிரவுசர மூடி… திறந்து… "குட் மோர்னிங்." கேட்டிச்சா ராத்தா? என்ட பேரிலயே சொல்லுறாள். பாஸ்வேர்டக் குடுத்திருந்தா அவரு முதல் நாளே கண்டிருப்பாரு எண்டு நீங்க நினைக்கிறீங்க. நினைக்காதீங்க. வந்ததும் "நானா, பிழை என்னில" எண்டு சொல்லிருவன். அதுக்குமேல ஒரு சொல்லும் சொல்லமாட்டன். அதுக்கு முதல் சஹ்லாவுக்கு எடுக்கிறன், பாவம், காலையில இரிந்து சாப்பிடாம இரிக்காள்.

ஹலோ, சஹ்லா? கதைக்குது. ஓம், என்ட பேரில. மூணு மணிக்குள்ள வந்திருவன். இல்ல, அவரில பிழை இல்ல… என்னில. பழைய பைல் ஒண்டு கிடந்திச்சு, நான் போட்டது. ஏன் போட்டன் எண்டா, கேளு, ஒம்பதாம் பதிப்பு வந்த காலத்தில… சரி. சரி, நீ சொல்லு.

என்ன சொல்லுறாள் எண்டு கேளுங்க ராத்தா. "கம்ப்யூட்டரக் கொழுவித் தந்திட்டு நீ கேதீஸ்வரி அக்காவோட சந்தைக்குப் போ. அஞ்சரை வரைக்கும் வீட்டுப் பக்கம் வராத. கேக்கிற சோதினை புள்ள, எனக்குக் காது வேணும்."