வெயில் ஏறும்வரை

எங்கள் மலையில் ஆட்டுக்கறி சீக்கிரம் வேகாது ஐயா. காற்று மெலிந்த இடம். போதிய சூடு ஏறுவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். அன்றைக்கும் அடுப்பைக் காலையிலேயே மூட்டினேன். நான் நடந்துகொண்டே சொல்கிறேனே, தப்பாக நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

மொலிசே நல்ல பையன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் கடற்கரையில் விமானம் ஓட்டிப் பழகிவிட்டு எங்கள் மலைநாடான லெசோத்தோவுக்கு வந்தவன். இதயம் சரியில்லை என்று தலைநகர் மாசேருவில் டாக்டர்கள் சொல்லி என் விமானி உரிமம் பறிபோனதும், நிர்வாகம் என் விமானத்தை அவனிடம் கொடுத்தது. எனக்கு ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றுகிற வேலை. வந்த அன்றே விமானி இருக்கையில் கிடந்த என் கம்பளியை மடித்து, "இது உங்களோடது போல, வச்சுக்குங்கண்ணே" என்று மரியாதையாகத்தான் நீட்டினான். அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததாக உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

தடுப்பூசி முகாம் முடித்த நர்ஸ் லிம்போவையும் அவளுடைய உதவியாளர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மூடுபனி விலகியதும் கிளம்புவதாக இருந்தான். சாப்பிட்டுப் போகலாம் என்று நான்தான் நிறுத்தினேன். சோளக்களி ஆயிற்று, கீரை ஆயிற்று, கறி மட்டும் வேகவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பேன், கறியைக் கிளறுவேன், மறுபடி போய்ப் பார்ப்பேன்.

"அண்ணே, சட்டியில கறி வேகுதா, கல்லு வேகுதா?" என்று லிம்போ கேலி செய்தாள். "கடற்கரைக்காரரு பசியில மயங்கி விழுந்துரப் போறாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வெயில் ஏறினால் மெலிந்த காற்று இன்னும் மெலியும். இறக்கைக்குப் பிடிப்பு இருக்காது, இன்ஜினுக்கு மூச்சு இருக்காது. கடற்கரையில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு ஓடினாலும் தரையை விட்டு எழ யோசிக்கும். எங்கள் ஓடுதளமோ பள்ளத்தாக்கின் விளிம்பில் முடிகிறது. எதிரே மலை. அவர்கள் சாப்பிடும்போது நான் விமானத்தின் பெட்ரோல் டாங்குகளை விளிம்புவரை நிரப்பினேன். பாதி போதுமென்றுதான் அவன் சொல்லியிருந்தான்.

டாங்குகள் நிரம்பியிருப்பதைப் பார்த்ததும் தயங்கினான். "அண்ணே, நாலு பேரு, டாங்க் ஃபுல்லு, இந்த வெயிலு வேற. கணக்குப் போட்டா இடிக்குது. தூக்குமா?"

"நாலு பேரோட, ஃபுல் டாங்கோட, இதே விமானத்த இங்கேருந்து நானே தூக்கியிருக்கேன்பா."

அது பொய்யில்லை ஐயா. ஜூன் மாதம், எங்கள் குளிர்காலம். விடியற்காலை, ஓடுதளமெல்லாம் உறைபனி. எந்த மாதம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைசிவரை ஓடியது. தரையை விட்டது. கொஞ்ச தூரம் எழும்புவது போலவே தெரிந்தது. பிறகு எதிர்மலையில் பாதி உயரத்தில் புழுதி கிளம்பியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கொஞ்சம் பயந்தால் மலையை மதிப்பான், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. விளிம்பைத் தாண்டியவன் திரும்ப முடியாதென்று எனக்குத் தெரியும். அவன் சாகவேண்டும் என்றுதான் செய்தேன்.

மற்ற மூவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. லிம்போவுக்கு இருக்கைப் பட்டையை நானே மாட்டிவிட்டேன். சரியாக இறுகியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன். அவள் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.