அது பெனால்ட்டி இல்லை

நேராகக் கோடு போடுவது எல்லோருக்கும் கைவராது, சேர். கையைப் பார்த்துக்கொண்டு போட்டால் கோடு நெளிந்துவிடும். எதிரே நட்ட முளையைப் பார்க்க வேண்டும். கை தானாக வரும். ஓட்டமாவடியில் எங்கள் வாவிக்கரை மைதானத்துக்கு இருபத்திரண்டு வருடமாகக் கோடு போடுகிறவன் நான். உசனார் போட்ட கோடு என்றால் நடுவர்மார் குனிந்தும் பார்ப்பதில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் முந்தாநாள் இந்தப் பொலிஸில் எழுதிய கடதாசியில் ‘தவறுதலாக’ என்று ஒரு சொல் இருக்கிறதாம். முகைதீன்பாவா சொல்லி எழுதியிருப்பீர்கள். சூளையிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்து விற்கிறவர் அவர். தன் சாக்கில் பிழையில்லை என்று காட்ட, ‘உசனாருக்கு வயசு போயிட்டு, நீத்தாத சுண்ணாம்ப நீத்தினதெண்டு நினைச்சுப் போட்டுட்டான்’ என்று கடைகடையாகச் சொல்லித் திரிகிறார். என்னை நீங்கள் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லை வெட்டச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

சூளையிலிருந்து வருகிற சுண்ணாம்பு காரமானது. தண்ணீர் தெளித்தால் கொதித்து, வெடித்து, மாவாகும். அதைத்தான் நீற்றுவது என்போம். நீற்றி, இரண்டு நாள் உலரவிட்டு, அரித்தெடுத்துத்தான் நான் மைதானத்துக்குக் கொண்டுபோவேன். நீற்றாததை இடித்துத் தூளாக்கினாலும் பார்வைக்கு அதே வெள்ளைதான். ஆனால் ஈரம் பட்ட இடத்தில் சுடும். வேர்வை போதும். வெற்றிலை போடுகிற பெண்களுக்கே தெரிந்த சங்கதி இது. எனக்குத் தெரியாதாம்.

ஸாஹிர் என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறவன். பத்தொன்பது வயது. வாப்பா இல்லை, மௌத்தாகிவிட்டார். உம்மா நிஸ்மியா குவைத்தில் சமையல் வேலைக்குப் போய்ப் பதினோரு வருடம். அவள் எப்போது பார்சல் போட்டாள், உள்ளே எத்தனை பால்மா டின், அதில் எத்தனையை அவளுடைய தங்கச்சி ஒளித்து வைத்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தேடிப் போய் விசாரிக்கிற பழக்கம் எனக்கில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கத்தானே செய்யும்.

போன வருடம் அவன் நான்கு பேரைக் கடந்து அடித்த ஒரு கோலை யாரோ போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மூன்று நாளில் கட்டாரில் இருக்கிற நம்முடைய ஆட்கள்வரை பார்த்து முடித்தார்கள். சந்தியில் பனர் ஏறியது. மேலே ஸாஹிரின் முகம். கீழே, பனர் கட்டிய எட்டுப் பேரின் முகங்கள், அவனுடையதைவிடப் பெரிதாக. அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் பந்தைக் காலால் தொட்டிருக்க மாட்டார்கள்.

றமீஸுடைய சைக்கிள் கடை வாசலில்தான் பேச்சு நடக்கும். றமீஸ் ஸாஹிரின் பக்கம். எப்படிப்பட்ட பக்கம் என்றால், டியூபுக்கு ஒட்டுப் போட வந்தவனையும் அந்த வீடியோவைக் காட்டாமல் அனுப்ப மாட்டான்.

“இப்பிடி ஒருத்தன் இந்தப் பக்கத்திலயே பொறக்கல்ல காக்கா,” என்றான் என்னிடம்.

“போன வருசம் அந்தக் கோல்கீப்பருக்கும் நீ இதத்தான் சென்ன.”

“இது வேற. இந்த வருசம் மட்டும் பதினாலு கோல்.”

“அதில ஏழு பெனால்ட்டி.”

“பெனால்ட்டியும் கோல்தானே.”

“கோல்தான். பெனால்ட்டி எப்பிடிக் கிடைச்சிச்சு? பெட்டிக்குள்ள போனா உழுறான். கச்சான் காத்து வருகுது, அவனப் புடிச்சுக் கட்டி வைங்கடா.”

எல்லோரும் சிரித்தார்கள். றமீஸும் சிரித்தான். அன்றைக்குத்தான் ஸாஹிருக்கு ‘நடிகன்’ என்று பெயர் வைத்தேன். பெயர் வைப்பது எனக்கு வரும். இந்த ஊரில் பாதிப் பேர் நான் வைத்த பெயரோடுதான் நடமாடுகிறார்கள். ஒரு கிழமையில் அது பாலம் கடந்து வாழைச்சேனைக்குப் போய்விட்டது.

அவனுக்குத் திறமை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு ஆரவாரத்துக்கு ஆள் தகுமா என்பதுதான் என் கேள்வி. தகாது என்றேன். நான் சொன்னது பொய்த்ததில்லை, சேர். சந்தியில் பேக்கரி திறந்தபோது நோன்புப் பெருநாள்வரைதான் ஓடும் என்றேன். அதற்கு முன்னமே பூட்டினார்கள். முகைதீன்பாவாவின் மருமகன் ஒரு வருடம் தாங்க மாட்டான் என்றேன். ஒன்பதாம் மாதம் பெட்டியைத் தூக்கினான். முகைதீன்பாவாவுக்கு என்மேல் இருக்கிற கோபம் சுண்ணாம்பால் வந்ததல்ல.

இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பிறகு ஸாஹிர் என் வீட்டுக்கு வந்தான். என் பெண்சாதி சபூரா தேத்தண்ணி கொடுத்தாள். குடிக்கவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.

“மாமா, இதப் பாருங்க.”

இரண்டு கணைக்காலும் நீலம் பாய்ந்திருந்தன. பூட்ஸ் கட்டை பதிந்த தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்று.

“நான் நடிக்கல்ல மாமா. உண்மையாத்தான் அடிக்கிறாங்க. கொழும்பிலருந்து ஒரு கிளப்பால ரெண்டு பேர் பாக்க வாறாங்க. எடுத்தாங்கண்டா சம்பளம் தருவாங்க, உம்மாவ வரச் செல்லலாம். அண்டைக்கு மட்டும் அந்தப் பேரச் செல்லாதீங்க. நீங்க தொடங்காட்டி ஒருத்தனும் தொடங்க மாட்டான்.”

“செல்ல மாட்டன் மகன்,” என்றேன்.

சொல்லவும் இல்லை. கொடுத்த வாக்கை நான் மீறுகிறவனல்ல.

ஆனால் அவன் போன பிறகு யோசித்தேன். உதைபந்தாடுகிறவனுக்குக் காலில் காயம் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? அதைக் காட்டி என் வாயைக் கட்டப் பார்க்கிறான். கொழும்பு ஆட்களுக்கு முன்னாலும் நாலு தடவை விழுவான், ஒரு பெனால்ட்டி எடுப்பான், அவர்களும் ஏமாந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பிறகு அந்தச் சைக்கிள் கடை வாசலில் நான் என்ன முகத்தோடு போய் இருப்பது? ஒரு நியாயமான சோதனை வைக்க வேண்டும் என்று அப்போதுதான் பட்டது.

முகைதீன்பாவாவிடம் வாங்கிய சாக்கில் பாதியை நீற்றினேன். அது கோட்டுக்கு. மற்றப் பாதியை நீற்றாமல் எடுத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இடித்து, மூடி இறுக்கமான டின்னில் வைத்தேன். போட்டியன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒருவரும் இல்லாத நேரம் மைதானத்துக்குப் போனேன். அவன் விழுகிற இடம் எனக்குத் தெரியும். வலது பக்கத்தால் வந்து, பெட்டிக்குள் மூன்று எட்டு வைத்து விழுவான். அந்த இடத்தில் புல்லே இல்லை. அங்கே வெள்ளை மணலோடு கலந்து தூவினேன். பின்பாதியில் பக்கம் மாறுவார்கள் என்பதால் எதிர்ப் பெட்டியிலும் தூவினேன். மழை வந்தால் எல்லாம் தானாக நீறிவிடும். வானத்தைப் பார்த்தேன், வெளித்திருந்தது. காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க மேலே கொஞ்சம் மண்ணும் போட்டேன். நடக்கிறவனுக்கு அது ஒன்றும் செய்யாது. ஓடுகிறவனுக்கும் ஒன்றும் செய்யாது. விழுகிறவனுக்கு மட்டும்தான்.

வேறு யாராவது விழுந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். மழையையும் காற்றையும் யோசித்தவன் அதை யோசிக்காமல் இருப்பேனா? விழுந்திருக்கலாம். விழவில்லை.

அல்லாஹ் அறிய, கண்ணை நினைத்து நான் செய்யவில்லை. முழங்கையை நினைத்தேன், தொடையை நினைத்தேன். இரண்டு நாள் எரியும்; பிறகு விழ யோசிப்பான். ஒரு தகப்பன் இருந்திருந்தால் அவனைத் திருத்தியிருப்பார்.

முன்பாதியில் அவன் ஒரு தடவையும் விழவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. கொழும்பு ஆட்கள் கூடாரத்துக்குக் கீழே இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் பந்தை எடுக்கும்போதெல்லாம் ஒருவன் மற்றவனின் தோளைத் தட்டினான். றமீஸ் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

அறுபத்து மூன்றாம் நிமிடம். வாழைச்சேனை அணியின் பின்காவல் ஆட்டக்காரன் ஜெயந்தன், நல்ல உயரமான பிள்ளை. ஸாஹிர் வலது பக்கத்தால் அவனைக் கடந்து பெட்டிக்குள் போனான். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் குப்புற விழுந்தான்.

விழுந்தவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான். கத்தினான். நான் வாய் திறக்கவில்லை, சேர். சனம்தான் சொன்னது. முதலில் வாழைச்சேனைப் பக்கம், பிறகு நம்முடைய பக்கமும். நடிகன், நடிகன் என்று கை தட்டினார்கள். “கண்ணீரும் வருகுதுடா, இந்த வருசம் அவார்ட் இவனுக்குத்தான்” என்று ஒருவன் கத்த, சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது. றமீஸ்கூட, “எழும்புடா, மானத்த வாங்காத” என்றான். நடுவர் ஓடி வந்து, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவனுக்கு மேலே மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். பந்து மற்றப் பக்கம் போனது. ஆட்டம் நடந்தது. நாலு நிமிடம் இருக்கும். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

ஜெயந்தன்தான் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து குந்தினான். ஸாஹிரின் கையை விலக்கிப் பார்த்துவிட்டு, “நான்தான்டா தட்டினன். டேய், இவன்ட கண்ணப் பாருங்கடா” என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் சனம் ஓடியது. நானும் போனேன்.

“காக்கா, என்ன சுண்ணாம்பு இது? நீத்தினதா?” என்று றமீஸ் கேட்டான்.

“வழமையா போடுறதுதான்,” என்றேன்.

துடைக்கத் துணி கேட்டார்கள். என் தோளில் துவாய் இருந்தது. நனைத்துக் கொடுத்தேன். தூளைத் தட்டாமல் ஈரத்துவாயால் அழுத்தித் துடைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவ வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அதைச் சொல்லப்போனால், வழமையான சுண்ணாம்புக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். எல்லோரும் உதவி செய்யும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் சரியில்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியுமாம். கொழும்பு ஆட்கள் அன்றைக்கே கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நிஸ்மியா குவைத்திலிருந்து வந்துவிட்டாள். அவன் ஆசைப்பட்டதும் அதுதானே.

போன செவ்வாய்க்கிழமை மட்டக்களப்புக்குப் போய் வார்டில் பார்த்தேன். பழம் கொண்டுபோனேன். நிஸ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டு, “காக்கா, நீங்கதான் துவாய் நனைச்சுக் குடுத்தீங்களாம். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்” என்று அழுதாள். அழுகிறவளிடம் என்ன சொல்வது. ஆமீன் என்றேன்.

குரலைக் கேட்டு ஸாஹிர் கட்டுப்போட்ட முகத்தைத் திருப்பினான்.

“உசனார் மாமாவா? ஒண்டு கேக்கட்டா மாமா? நீங்க கோட்டுக்குப் பக்கத்திலதானே நிண்டீங்க. அது பெனால்ட்டிதானே?”

அந்த நிலைமையில் கிடக்கிறவனிடம் வேறு யாராக இருந்தாலும் ஓம் என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து அப்படி வராது.

“இல்ல மகன்,” என்றேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆகவே ‘தவறுதலாக’ என்ற சொல்லை வெட்டிவிடுங்கள், சேர். தெரிந்துதான் போட்டேன். அளந்துதான் போட்டேன். கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஜெயந்தன் தான் தட்டியதாகச் சொன்னதையும் எழுதி வைத்திருப்பீர்கள். அவன் இரக்கமுள்ள பிள்ளை, அப்படித்தான் சொல்வான். நான் ஐந்து கெஜத் தூரத்தில் நின்று பார்த்தவன். கால் பட்டது உண்மைதான். ஆனால் அவன் நினைத்திருந்தால் விழாமல் நின்றிருக்கலாம்.