மஞ்சள் வரியும் பழுப்பும்

காலையில் காப்பி குடிக்காவிட்டால் எனக்குக் கை நடுங்கும். அதனால் தவளைகளை அளக்கும் வேலையைக் காப்பிக்குப் பிறகே வைத்துக்கொள்வேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஓர் இனமே காணாமல் போய்விடும் சார்.

என் பெயர் சாம்பசிவன், விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். என் பேராசிரியரிடம் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. சாலமாண்டர் என்று வால் முளைத்த தவளை மாதிரி ஒரு பிராணி, அதில் அழிந்துவரும் இரண்டு இனங்களை ஒப்பிட்டு எழுதியது. நம் மலையில் சாலமாண்டர் கிடையாது. ஆனால் சித்திரபுரத்துக்கு மேலே ஓர் ஓடையில் மட்டும் இரண்டு தவளைகள் இருந்தன. சிறியதற்கு மஞ்சள் வரி, பெரியது வெறும் பழுப்பு. இரண்டும் புது இனங்கள், இரண்டும் அழியும் நிலையில் என்று அதே மாதிரி அட்டவணை போட்டேன். மூன்று வருட உழைப்பு. என் பட்டமே அதில்தான்.

ஓடையைக் காட்டியவர் சங்கையா, தேயிலை எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிப்பவர். எழுபத்துநாலு மே மாதம் அட்டவணையை அவருக்கு விளக்கினேன். சிரித்தார்.

"தம்பி, இது ரெண்டும் புருசன் பொண்டாட்டிலா. வரி போட்டவன் ஆம்பள. மழ விழட்டும், அவ முதுகுல ஏறி உக்காந்துக்கிடுவான்."

"நீங்கதான் தாலி எடுத்துக் குடுத்தேளா, அண்ணாச்சி?"

"நம்பாட்டிப் போங்க. வியாழக்கெழம உங்க பெரிய சார் வாராருல்லா, அவுகளுக்குக் காட்டுதேன்."

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. புதன் மதியம் போய்ப் பார்த்தால் பாறைக்குப் பாறை ஜோடி, பழுப்பின் முதுகில் மஞ்சள் வரி. விடிந்தால் பேராசிரியர் வந்துவிடுவார், கையால் பிடித்துத் தீராது. தேயிலைக்கு அடிக்கும் மருந்து ஒரு டின் எடுத்துவந்து ஓடையின் தலைப்பில் ஊற்றினேன். அரை மணியில் சத்தம் அடங்கிவிட்டது.

அப்போது சங்கையா வெயிலில் ஏறி வந்தார். குனிந்து தண்ணீரை அள்ளினார். பத்தடி தள்ளிப் பாறை மறைவில் நான். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார். சொன்னால் மறுநாள் அதையும் பேராசிரியரிடம் சொல்வார். மூன்று தடவை அள்ளிக் குடித்தார். எண்ணினேன், பழக்கதோஷம். பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டார். மருந்தடிக்கிறவர்தானே, மேலே பட்டிருக்கும் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் தவளைகளைக் கிழித்துப் பார்த்தேன். பழுப்பு எல்லாவற்றிலும் முட்டை. வரி போட்டது ஒன்றில்கூட இல்லை. முட்டைகளை எடுத்து வயிற்றைச் சுத்தம் செய்து, இரண்டையும் தனித்தனி ஜாடிகளில் போட்டு மூடினேன்.

நான் நன்றி கெட்டவன் இல்லை சார். பழுப்பு இனத்துக்குச் சங்கையாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.