வீட்டில் ஒருவரும் இல்லை

ஆள் இல்லாத வீட்டில் முதலில் பழுதாவது கூரை இல்லை, கக்கூஸ்தான். இரண்டு கிழமை தண்ணீர் ஊற்றாமல் விட்டால் கோப்பையின் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும். பிறகு குழியின் மணம் நேரே வீட்டுக்குள் வரும். வாங்க வந்தவர்கள் வாசலில் மூக்கைச் சுருக்கினால் கதை முடிந்தது. அதனால் எந்த வீட்டைத் திறந்தாலும் முதலில் கக்கூஸுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் யன்னல் பக்கம் போவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, நான் வேலையில் கவனமான ஆள் என்பதை உங்கள் கோப்பில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

என் பெயர் ஜெயரூபி. வயது ஐம்பத்தொன்று, கலியாணம் ஆகவில்லை. சல்லி என்கிற மீனவக் கிராமத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்றால், வலையும் ஐஸ்பெட்டியும் அடுக்கிய அறையில் அவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு. அண்ணி காயவைக்கிற கருவாட்டின் மணம் என் சீலையை விட்டுப் போனதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் முனாஸ் என்ற வீட்டுத் தரகர் இந்த வேலையைத் தந்தார். வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீடுகளை நாளாந்தம் போய்ப் பார்க்க வேண்டும். யன்னல்களைத் திறந்து மூட வேண்டும், குழாய்களைப் பார்க்க வேண்டும், படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையின் கடைசி வரி முனாஸ் சொல்லித் தந்தது: வீட்டில் ஒருவரும் இல்லை. பின்கதவால் எவனும் நுழைந்து குடியேறவில்லை என்பதற்கு அது அத்தாட்சி.

உவர்மலையில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற வீடு இராகுலனுடையது. அவர் டொராண்டோவில் இருக்கிறார். ஒரு பக்கத்து வீடும் பூட்டித்தான் கிடக்கிறது, மறுபக்கம் சரிவு. விற்பனைக்கு என்று முனாஸ் கொழும்பிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அதை அலங்கரித்தார். வெள்ளை சோபா, ஆறு பேருக்குக் கோப்பை வைத்த சாப்பாட்டு மேசை, ஒருவரும் முகம் துடைக்கக் கூடாத துவாய்கள், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு பிளாஸ்டிக் தேசிக்காய். வாங்க வருகிறவர்களுக்கு அது சனம் வாழ்கிற வீடு மாதிரித் தெரிய வேண்டும் என்று முனாஸ் எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

நான் அதைத்தான் செய்தேன். சோபாவில் யாரும் இருக்காவிட்டால் அது கடையில் நிற்கிற சோபா மாதிரித்தான் தெரியும், ஆகவே இருந்தேன். கட்டிலில் பகலில் ஒரு மணித்தியாலம் படுத்தேன். பிறகு குளித்துவிட்டுப் படுத்தேன். கடைசி அறை அலுமாரியில் என் சீலைகள் நாலும் சீப்பும் வந்தன, அவை அங்கே இருந்தால் கருவாடு மணக்காது. மாலையில் வீதியால் போகிற மான்கள் வளவுக்குள் வந்து நிற்கும். முன் விறாந்தையில் கதிரை போட்டு அவற்றையும் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களையும் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை.

இராகுலனின் மனைவி பக்தியான ஆள். வீடு விற்கிறவரை சாமி அறை இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று, செவ்வாயும் வெள்ளியும் விளக்கு ஏற்றிப் படம் அனுப்பச் சொன்னா. அதை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. அந்த விளக்கைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வீடு பார்க்க வருகிறவர்களை நான் நம்புவதில்லை. பாதிப் பேர் சும்மா அளந்துபோக வருகிறவர்கள். குசினி அலுமாரிகளைத் திறப்பார்கள், மெத்தையை அமத்திப் பார்ப்பார்கள், வெளியே நின்று மதிலை இடிக்கிற கதை கதைப்பார்கள். ஒரு பெண்ணின் பிள்ளை போனபிறகு எண்ணிப் பார்த்தால் தேசிக்காய் ஆறுதான் இருந்தது. அவர்கள் போய்விட்டதாக நினைத்தாலும் சிலர் திரும்பி வந்து மதிலால் எட்டிப் பார்ப்பார்கள்; பின்கதவில் குறுக்கே ஒரு நூல் கட்டிவைத்து அது அறுந்திருக்கிறதா என்று காலையில் பார்ப்பேன். நிசமாக வாங்கக்கூடியவர்களுக்குப் படலையில் வைத்து ஒரு வார்த்தை மட்டும் மெதுவாகச் சொல்வேன்: நிலத்தடித் தண்ணீர்த்தொட்டியில் வெடிப்பு இருக்கிறது, சொந்தக்காரர் மறைக்கிறார். பேய் என்று சொன்னால் வாங்க வருகிற கனடாக்காரர் சிரிப்பார்கள். தொட்டி வெடிப்பு என்றால் ஒருவரும் சிரிப்பதில்லை. இரண்டு வருடத்தில் ஒன்பது பேர் திரும்பிப் போனார்கள்.

பத்தாவது ஆள் துவாரகன்.

டோஹாவில் கப்பல் திருத்துகிற இடத்தில் வேலை. மனைவியும் சின்ன மகளும் மட்டக்களப்பில். இந்த வீட்டை வாங்கி அவர்களைக் கூட்டிவந்து குடியிருக்க நினைத்தார். முதல் தடவை முனாஸோடு வந்தார். இரண்டாம் தடவை தனியாக வந்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஊஞ்சல் எங்கே போடலாம் என்று கேட்டார். கடைசி அறையில் அலுமாரியைத் திறந்தவர் என் சீலைகளைக் கண்டார், சீப்பைக் கண்டார், கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அலுமாரிக் கதவை மெல்லச் சாத்தினார்.

“ஆரிட்டயும் சொல்லமாட்டன் அக்கா,” என்றார். “நான் வாங்கினாப் பிறகும் பகலில வந்து இருந்திட்டுப் போங்கோ.”

அவர் இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் நான் இருக்கிற வீட்டில் நான் வந்து போவதற்கு அவர் அனுமதி தந்தார் பாருங்கள், அதை என்னால் விழுங்க முடியவில்லை. வழக்கம்போலத் தொட்டி வெடிப்பைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கவில்லை. தொட்டியை வெறுமையாக்கி வையுங்கோ, நானே இறங்கிப் பார்க்கிறேன், கப்பலின் அடியில் வெடிப்புத் தேடுகிறதுதான் என் தொழில் என்றார்.

மறுத்தால் அவருக்குச் சந்தேகம் வரும். திங்கட்கிழமை தண்ணீரை வளவுக்கு இறைத்துவிட்டேன். செவ்வாய் காலை வந்தார். முனாஸுக்குத் தெரியாமல்தான் வந்தார்; தரகுக் காசை மிச்சம் பிடிக்க இங்கே எல்லோரும் செய்கிற வேலை. அதனால் அவர் அங்கே வந்தது வேறு ஒருவருக்கும் தெரியாது. ஈரத்தில் விழுந்துவிடும் என்று தன் போனையும் கண்ணாடியையும் என் கையில் தந்தார். குசினிக்குப் பின்னால் இருந்த ஏணியை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். டோர்ச்சையும் நான்தான் கொடுத்தேன். ஐயா, அந்த நேரம் என் மனதில் ஒன்றும் இல்லை. சாந்தில் ஒரு கீறலாவது இருக்கும், அதைக் கண்டு பயப்படுவார் என்று மட்டும் நினைத்தேன்.

பத்து நிமிடம் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். பிறகு கீழே இருந்து சிரித்துக்கொண்டு சொன்னார்.

“அக்கா, இதில வெடிப்பு ஒண்டும் இல்லை. உங்களுக்கு ஆரோ பிழையாச் சொல்லியிருக்கினம். வீட்டை நான் எடுக்கிறன்.”

நான் ஏணியை மேலே இழுத்துக் குசினிக்குப் பின்னால் அதன் இடத்தில் சாத்தினேன். பார்வைக்கு வைத்த வீட்டில் ஒரு பொருள் இடம் மாறிக் கிடக்கக் கூடாது. பிறகு இரும்பு மூடியைப் போட்டேன். பிள்ளைகள் விழாமல் இருக்க அதற்குப் பூட்டு உண்டு, பூட்டினேன். அவருடைய போன் இரண்டு தடவை அடித்தது. திரையில் முன்பல் இல்லாத ஒரு சின்னப் பிள்ளையின் படம் வந்தது. அழைப்பை நிறுத்திவிட்டு, போனைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், கொழும்பு பஸ் ஒன்றின் ஆசனத்துக்கு அடியில் வைத்தேன். நீங்கள் மூன்று கிழமை கொழும்பில் தேடியதற்கு அதுதான் காரணம். அந்த அலைச்சலுக்கு மன்னிக்க வேண்டும்.

என் முதல் வாக்குமூலத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தேன். ஏணி சறுக்கி விழுந்தார், தலை அடிபட்டு அந்த இடத்திலேயே செத்துப்போனார், பயத்தில் மூடிவிட்டேன் என்று. அத்தனை நாள் தண்ணீரில் கிடந்த உடலை வைத்து டொக்டரால் மறுத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீங்களும் அதை ஓரளவு நம்பினீர்கள். நம்பாதவள் உங்கள் பக்கத்தில் இருந்து தட்டச்சு செய்கிற தர்சிகா தங்கச்சிதான். நான் டொராண்டோவுக்கு அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“அம்மா, சவம் கிடக்கிற வீட்டில நீங்கள் விளக்குக் கொளுத்துவீங்களோ?”

உங்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களின் வீடுகளில் சவம் கிடந்தால் அது எடுபடும்வரை சாமி விளக்கு ஏற்றுவதில்லை. பக்கத்தில் கோயில் இருந்தால் அதன் கதவையும் சாத்திவிடுவார்கள். துவாரகன் இறங்கிய செவ்வாய் மாலை நான் விளக்கு ஏற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமையும் ஏற்றியிருக்கிறேன், மல்லிகைப்பூவும் வைத்து. அடுத்த செவ்வாய்ப் படத்தில் விளக்கு துடைத்துக் கவிழ்த்துக் கிடக்கிறது. பிறகு ஒரு படத்திலும் சுடர் இல்லை. அதைக் கண்டு இராகுலனின் மனைவி என்னிடம் காரணம் கேட்டா. இப்போது ஏற்ற ஏலாது என்று மட்டும் எழுதினேன். அவவுக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் கிழமை முனாஸை அனுப்பிப் பார்க்கச் சொன்னா. முனாஸ் போய்க் குசினிக் குழாயைத் திறந்தார்; அதில் வருவது அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

பழைய படம் ஒன்றை அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் சாமி காரியத்தில் பொய் சொல்ல எனக்கு வராது.

ஆகவே தர்சிகாவுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இது. அவர் செவ்வாய் சாகவில்லை. வெள்ளியும் சாகவில்லை. நான் ஒவ்வொரு நாளும் வழக்கமான நேரத்துக்குப் போனேன். கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்றினேன், யன்னல்களைத் திறந்தேன். கீழே இருந்து தட்டுகிற சத்தம் குசினியில் நின்றால் கேட்கும், சோபாவில் இருந்தால் கேட்காது. முதல் நாள் என்ன பகிடி அக்கா என்று கேட்டார். அடுத்த நாள் மகளின் பெயரைச் சொல்லி அழுதார். மூன்றாம் நாள் குரல் அடைத்துப்போயிருந்தது. மூடியின் விளிம்பால் அது மெல்லக் கேட்டது.

“அக்கா, எனக்கு வீடு வேண்டாம். நான் வாங்கேல்லை.”

அதை யோசித்துப் பார்த்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். இரவு சல்லியில் ஐஸ்பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டும் யோசித்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை எடுக்கிறேன் என்றவர் வியாழக்கிழமை வேண்டாம் என்கிறார். அப்படி வாய் மாறுகிற ஆளை எப்படி நம்புவது?

சனிக்கிழமை தொட்டி நிரப்புகிற நாள். இராகுலன் எழுதித் தந்த பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். வால்வைத் திறந்தால் காலையிலிருந்து மத்தியானம்வரை ஓடும். தண்ணீரைத் தானாக நிறுத்துகிற மிதவை பழுதாகி ஒரு வருடம், நிரம்பினால் நாங்களே மூட வேண்டும். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். தண்ணீர் ஏற ஏறத் தட்டுகிற சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. கடைசியில் மூடிக்குக் கீழேயே கேட்டது. மூடியின் விளிம்பால் தண்ணீர் வழியத் தொடங்கியும் நான் வால்வை உடனே மூடவில்லை. வளவுக்குள் ஒரு மான் வந்து நின்றது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தர்சிகாவே கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வாக்குமூலம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான் அனுப்பிய நாலு அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். கடைசி வரி இல்லை. நான் எழுதவில்லை. டொராண்டோவில் அதை ஒருவரும் கேட்கவும் இல்லை. சனிக்கிழமை அறிக்கையில் யன்னல்கள் திறந்து மூடப்பட்டன, குழாய்கள் பார்க்கப்பட்டன, தொட்டி நிரப்பப்பட்டது என்று எழுதினேன். பிறகு எழும்பிப் போய், ஈர நிலத்தில் முழங்காலிட்டு, மூடியில் காதை வைத்து நெடுநேரம் கேட்டேன். அதன் பிறகுதான் திரும்பி வந்து, வீட்டில் ஒருவரும் இல்லை என்று எழுதினேன். நிச்சயமாகத் தெரியாமல் ஒரு வரிகூட எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா.