ஓநாய் தொடாத மனிதன்

உங்கள் காவல் நிலையத்துக் கோப்பி நன்றாக இருக்கிறது. தொழிற்சாலையில் இத்தனை வருடம் நான் குடித்தது பாத்திரம் கழுவிய தண்ணீர். மொழிபெயர்க்க வந்த பிள்ளை சாரங்காவுக்கும் ஒன்று கொடுங்கள். நான் சொல்வதை அவள் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நான் ஆடு வளர்த்தது பொழுதுபோக்குக்கு அல்ல. இந்தப் பிராண்டே ஊரில் எங்கள் சனங்களுக்குப் பங்கு இறைச்சி வேண்டும். ஒரு கிடாயை வெட்டிப் பங்கு போட்டால் ஈரலும் எலும்பும் கொழுப்பும் எல்லா வீட்டுக்கும் சமமாகப் போகும். கடையில் உறைந்து கிடக்கிற இறைச்சியில் அந்த ருசி ஏது? அதனால் வேலையை விட்டபின் ஊருக்கு வெளியே சின்னக் காணி வாங்கி ஆடுகளை விட்டேன். என் பிள்ளைகள் டேனிஷில் ஒரு சொல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஆடுகள் என்னைக் கண்டால் ஓடிவரும்.

பிறகு ஓநாய் வந்தது. ஒரு காலை, சினை ஆடு ஒன்று குடல் தரையில் கிடக்க, நின்றபடியே என்னைப் பார்த்தது. வயிற்றுக்குள் குட்டி அசைந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டை நான்தான் வெட்டி முடித்தேன். அன்றைக்கு நான் அழுதேன்.

அதிகாரிகள் வந்தார்கள். காயத்தைப் பஞ்சால் துடைத்து எச்சில் எடுத்துப்போய், ஓநாய்தான் என்று உறுதி செய்தார்கள். ஆனால் என் வேலி ஒரு சாண் உயரம் குறைவாம். உயர்த்தி, மின்கம்பியும் இழுத்தேன். அதற்குப் பிறகும் ஆடுகள் போயின.

பொதுக்கூட்டம் ஒன்று வைத்தார்கள். பாதிப் பேர் சுட வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் இயற்கை என்றார்கள். நகரத்திலிருந்து வந்தவர்கள் என் ஆடுகளுக்காக வருந்திவிட்டு ஓநாய்க்குக் கை தட்டினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எப்போது சுடுவீர்கள் என்று எழுந்து கேட்டேன். மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இந்தப் பக்கத்தில் ஓநாய் ஒரு மனிதரையும் தொட்டதில்லை, தொட்டால் விஷயம் வேறு. அது எனக்கு நியாயமாகப் பட்டது.

பக்கத்தில் ஸ்ரான்லி இருந்தான். மன்னார்க்காரன், காற்றாலை இறகு செய்யும் இடத்தில் என்னோடு வேலை செய்தவன்.

"அதுவும் எங்களை மாதிரித்தானண்ணை," என்றான். "ஜெர்மனிக்குள்ளால எல்லை கடந்து வந்தது. எங்களை விட்டவங்கள், அதையும் விடட்டுமன்."

அதையே டேனிஷிலும் சொல்லிச் சிரிப்பு வாங்கினான். எனக்குக் கோபம் வந்தது. நான் இங்கே வந்து யாருடைய குடலையும் உருவவில்லை.

கோபத்தில் அவனைத் தெரிவு செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் யோசித்தேன். பிள்ளைகுட்டிக்காரனை எடுப்பது பாவம். ஸ்ரான்லியின் மனைவி விட்டுப்போய்விட்டாள், பிள்ளை இல்லை. அவனுக்கு அழ ஆள் குறைவு. சனிக்கிழமை வேலி கட்ட வரச் சொன்னேன்.

"வாறன் அண்ணை, சாப்பாடு இருக்குத்தானே?" என்றான்.

ஆட்டுக்கறி வைத்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

வேலியின் கீழ்க்கம்பியை முறுக்கக் குனிந்தபோது சுத்தியலால் பிடரியில் அடித்தேன். பிறகு தோட்டத்தில் சருகு வாரும் இரும்பு முள்வாரியை எடுத்தேன். கத்தி நேராக வெட்டும், ஓநாய் அப்படிக் கிழிக்காது. தொண்டையில் தொடங்கினேன். அவன் கை என் சப்பாத்தைப் பிடித்திருந்தது, கொஞ்ச நேரத்தில் விட்டது. வயிற்றை, சினை ஆட்டில் பார்த்தபடியே திறந்தேன்.

மனிதனின் காயத்தில் யாரும் எச்சில் தேடமாட்டார்கள் என்று நினைத்தது என் பிழை. ஆனால் நீங்கள் தேடி முடிப்பதற்குள் சுட அனுமதி வந்துவிட்டது. அந்த ஓநாயைச் சுட்டார்கள், அது தாய் ஓநாய். அதன்பிறகு என் ஆடு ஒன்றும் போகவில்லை. கூட்டத்தில் பேசிப் பேசி முடியாத காரியம்.

சாரங்கா, அழாதை பிள்ளை. இதையும் சொல்லு.

ஸ்ரான்லியின் சட்டைக் கொலரில் மஞ்சள் கறை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அது மஞ்சள் தண்ணீர். ஊரில் வேள்விக் கிடாயை வெட்டும் முன் அதன் மேல் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். தலையைச் சிலுப்பினால் அது சம்மதம் தந்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாயை நான் அவிழ்த்து விட்டிருக்கிறேன், பிராண்டேயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்ரான்லி மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான், என்றாலும் எங்கள் மண்ணில் பிறந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? சுத்தியலை எடுக்கும் முன், குனிந்திருந்தவன் பிடரியில் போத்தலால் தெளித்தேன். குளிர் தண்ணீர். தலையைச் சிலுப்பிவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணை, மழையோ?" என்றான்.

கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனைக் கேட்காமல் நான் எதுவும் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.